மூக்கு வடிகட்டியும் சாய்வு நாற்காலியும்

உயிர்தோறும் மூச்சாய் நுழைந்து, உள்ளிருந்தும் தன் இருப்பைச் சொல்லிக்கொள்ளாமல் காத்துவரும் கருணைக் கடலை முதற்கண் வணங்குகிறோம். அவன் அருளிய மூக்கை வைத்துக்கொண்டு ஒரு கணவர் நடத்திய லீலையை இனிச் சொல்லுகிறோம்.

அவர் கடிகாரம் பழுதுபார்ப்பவர். தெருவுக்கெல்லாம் கடிகாரக்காரர். மரங்கள் பூக்கும் காலம் வந்துவிட்டால் மஞ்சள் மகரந்தம் காற்றில் ஏறும். ஏறிய மகரந்தம், உலகில் வேறு போக்கிடமே இல்லாததுபோல, நேரே அவர் மூக்கில் வந்து இறங்கும். ஒரு தும்மலுக்கு மேசைமேல் பரப்பிய பல்சக்கரங்கள் அத்தனையும் பறக்கும். அவற்றைத் தேடி அவர் தரையில் தவழ்வதைக் கண்டு, கடைக்கு வந்தவர்கள் ஏதோ வேண்டுதல் போலும் என்று பணிவோடு ஒதுங்கி நிற்பார்கள்.

கடையில் அது துன்பம். வீட்டிலோ பேரின்பம். பூக்காலம் முடியும்வரை அவர் துடைப்பத்தைத் தொட வேண்டாம். பரணில் ஏற வேண்டாம். போர்வைகளை உதற வேண்டாம். சன்னலோரத்துச் சாய்வு நாற்காலியில் நெற்றிமேல் கைக்குட்டையோடு சாய்ந்துகிடப்பார். மனைவி பெருக்கிக்கொண்டு வரும்போது காலை மட்டும் தூக்கித் தருவார். அந்த நாற்காலி அவருக்கு இம்மையிலேயே கிடைத்த வீடுபேறு.

மனைவியார் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். இந்த ஆண்டு முதற்பூ விரிந்த அன்றே ஒரு சிறு பெட்டியோடு வந்தார்.

"என்னங்க, மூக்கைக் காட்டுங்க."

"எதுக்கு?"

"ஃபில்டர். மூக்குக்குள்ள வச்சுக்கணும். மகரந்தம் வாசல்லயே நின்னுடும், காத்து மட்டும் உள்ள வரும். தினமும் புதுசா ஒண்ணு."

"என் மூக்கு என்ன தண்ணிக் குழாயா, வடிகட்டி மாட்ட?"

"குழாய்கூட மூடினா நிக்கும். உங்க மூக்கு நிக்குதா? காட்டுங்க."

மறுநாள் கடையில் அவர் ஒருமுறைகூடத் தும்மவில்லை. ஒரு சக்கரமும் பறக்கவில்லை. மாலைவரை ஆனந்தம். வீட்டை நெருங்கியபோதுதான் அந்த ஆனந்தத்தின் நடுவே துடைப்பம் ஒன்று நிமிர்ந்து நின்றது. மூக்கு குணமானால் நாற்காலி போய்விடுமே! கதவுக்கு வெளியே திரும்பி நின்று வடிகட்டியைக் கழற்றினார், சட்டைப்பையில் போட்டார், வாசலோர மரத்தைப் பார்த்து ஆழ்ந்து ஒரு மூச்சு இழுத்தார். நம்பினோரைக் கைவிடாத மகரந்தம் அவரையும் கைவிடவில்லை. தும்மிக்கொண்டே உள்ளே நுழைந்தார்.

"ஃபில்டர் போட்டுமா தும்மல்?"

"என் மூக்குக்கு இதெல்லாம் பத்தாதும்மா. பரம்பரை மூக்கு."

"உள்ளதான் இருக்கா? தெரியலையே?"

"ஆழமா இருக்கு."

இப்படியே ஒரு வாரம். கடையில் மோனத்தவம், வீட்டில் பேராரவாரம். மகரந்தம் ஒத்துழைக்காத நாளில் அவரே சொந்த முயற்சியில் தும்மினார். அவ்வாறு தும்மியவை அசலைவிட நீளமாகவும், முடிவில் ஒரு முனகலோடும் அமைந்தன.

ஞாயிறு காலை முகம் கழுவிவிட்டு வந்தவர் திகைத்து நின்றார். நாற்காலியின் தலைப்பக்கத்தை மனைவியாரும், கால்பக்கத்தை அடுத்த வீட்டுத் தையற்காரம்மாவும் பிடித்துத் தூக்கிக்கொண்டு வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"ஏய், ஏய்! அது எங்க போகுது?"

"எங்க வீட்டுக்குண்ணே," என்றார் தையற்காரம்மா. "அக்கா எடுத்துக்கச் சொன்னாங்க. நாள் பூரா குனிஞ்சு தைக்கிறேனே, முதுகு சாய்க்க ஆகும்."

"யாரைக் கேட்டு?"

"உங்க மூக்கைக் கேட்டுத்தான்," என்றார் மனைவியார், சுமையை இறக்காமலே. "ஃபில்டரைத் தாண்டி மகரந்தம் வராது. கடையில நீங்க தும்மறதே இல்லைன்னு பக்கத்துக் கடைக்காரர் சொல்றார். வீட்டுக்கு வந்தாத்தான் தும்மல். இதுல சாஞ்சா இன்னும் ஜாஸ்தி. அப்போ உங்களுக்கு எதிரி மரம் இல்லைங்க. இந்த நாற்காலி மெத்தைதான்."

"மெத்தையா? அது ஒரு பாவமும் அறியாதும்மா!"

"உடம்புதான் முக்கியம்ண்ணே. நகருங்க, இடிச்சுடப் போகுது."

நாற்காலியின் முன்கால்கள் வாசற்படியைத் தாண்டின. மண், பொன் எல்லாவற்றையும் துறக்கச் சித்தமாயிருந்த அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே பற்று, நான்கு காலோடு படியிறங்கிக்கொண்டிருந்தது.

"நில்லுங்க! நாற்காலி மேல தப்பு இல்லை. ஃபில்டர்... நல்லா வேலை செய்யுது."

"அப்புறம் ஏன் தும்மறீங்க?"

"வீட்டு வாசல்ல கழற்றிடுவேன்."

"என்னிக்காவதா?"

"தினமும்."

"அவ்வளவு தும்மலும்?"

"பாதி மரம் போட்டது. மீதி நான் போட்டது."

மனைவியார் நாற்காலியை மெல்ல இறக்கினார். முகத்தில் கோபமே இல்லை. அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே ஒரு வாரத்து வடிகட்டிகள், மஞ்சள் பூத்து வரிசையாகக் கிடந்தன.

"துவைக்கப் போட்ட சட்டையில கிடைச்சது. ஆழமா இருக்குன்னீங்களே, உண்மைதான். ரொம்ப ஆழமான பை. வேலை செய்யுதுன்னு எனக்கு முதல் நாளே தெரியும். உங்க வாயால வரட்டும்னுதான் இந்தத் தங்கச்சியைத் தூக்கக் கூப்பிட்டேன்."

"நான் நல்லாத் தூக்கினேனாக்கா?" என்று கேட்டுவிட்டு, தையற்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடியே தம் வீட்டுக்குப் போனார்.

நாற்காலி சன்னலோரத்துக்குத் திரும்பியது. அதில் மனைவியார் சாய்ந்தார். கைக்குட்டையை நெற்றியில் போட்டுக்கொண்டார். கடிகாரக்காரரின் கைக்குத் துடைப்பம் வந்து சேர்ந்தது. கலங்கிய மனத்தில் வடிகட்டி மாட்ட மறந்துபோனது. கட்டிலுக்கடியில் துடைப்பத்தை விட்டதுதான் தாமதம், சன்னற்கதவுகள் அதிர நான்கு தும்மல் தும்மினார்.

"அம்மாடி, இது நிஜத் தும்மல்! சத்தியமா நிஜம்!"

மனைவியார் கண்ணைத் திறக்கவில்லை. காலை மட்டும் தூக்கித் தந்தார்.

"நல்லா நடிக்கிறீங்க. அப்படியே இதுக்கு அடியிலயும் பெருக்கிடுங்க."

இதைக் கேட்டோர் மூக்கெல்லாம் தெளிக, மூச்செல்லாம் சீராகுக, அவரவர் நாற்காலி அவரவர்க்கே நிலைக்க அவன் அருள் துணை நிற்க!