எழுபத்திரண்டு முழம் பட்டு

பொன்னிறைநாட்டில் மன்னரின் மானத்துக்கு விலை எழுபத்திரண்டு முழம் பட்டு. முழம் நாற்பது காசு என்று ஆரம்பித்த ஜவுளிக்காரர், வாங்குவது அரண்மனை என்று தெரிந்ததும் அறுபது என்றார். அமைச்சர் விடாமல் பேரம் பேசி எண்பதுக்கு முடித்தார். பேரம் பேசப் பேச விலை ஏறுகிற ஊர் உலகத்திலேயே அது ஒன்றுதான்.

அந்தப் பட்டு எதற்கு என்று சொல்வதற்கு முன்னால் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறு நாடுகளுக்கு ஒரே அணை. அதற்காக முன்னோர்கள் நூறு வருஷம் வெட்டிக்கொண்டு செத்துப் பார்த்தார்கள். களைத்துப்போய் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். ஆண்டுதோறும் ஆறு நாட்டுக் கல்லூரிப் பெண்களும் கூடைப்பந்து ஆடட்டும். நாட்டுக்குப் பத்து ஆட்டம். ஒரு வெற்றிக்கு ஏழு நாள் தண்ணீர். மதகின் சாவி ஆறு நாட்டுக்கும் பொதுவான ஒரு மதகுக்காரரிடம் இருக்கும். அவருக்கு வெற்றி எத்தனை என்று தெரிந்தால் போதும். மற்றபடி எந்த மன்னருக்கும் அவர் எழுந்து நிற்க வேண்டியதில்லை.

பொன்னிறைநாட்டுக் கல்லூரி அணிக்குப் பதினேழு வருஷமாகப் பயிற்சி கொடுப்பவள் செண்பகவடிவு. கத்திக் கத்தித் தொண்டை கரகரத்துப் போனவள். பருவம் தொடங்குகிற அன்று அணித்தலைவி பேச்சி அவளிடம் வந்து நின்றாள். பேச்சியின் ஊர் வாய்க்காலின் கடைசி ஊர். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர்.

"டீச்சர், இந்தத் தடவை நாலு ஆட்டமாச்சும் ஜெயிக்கணும். நாலாவது வாரம் தண்ணி வந்தாத்தான் கதிர் பால் பிடிக்கும். மூணோட நின்னா அம்புட்டும் பதர்."

"நாலு என்னத்துக்கு? ஆறு ஜெயிப்போம்."

"ஆறெல்லாம் பேச்சுக்கு டீச்சர். நாலை மட்டும் எப்படியாச்சும் பிடிங்க."

செண்பகவடிவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் நாலு என்கிற எண் அவள் நெஞ்சில் ஆணியாக இறங்கிவிட்டது.

முதல் ஆட்டத்துக்கு மன்னர் விசயகண்டர் வந்திருந்தார். அன்று அவர்கள் தோற்றார்கள், முப்பத்தெட்டுக்கு எழுபத்தொன்று. இரண்டு பெண்களுக்குக் காய்ச்சல், ஒருத்திக்குக் கணுக்கால் பிசகு. விளையாட்டில் இதெல்லாம் உண்டு. ஆனால் மன்னர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, ஸ்கோர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பலகை நம்மை ஏன் இவ்வளவு தரக்குறைவாகப் பேசுகிறது?" என்று கேட்டார்.

பக்கத்தில் நின்றவர் மகிழ்ச்சித்துறை அமைச்சர் அம்பலத்தரசர். "மன்னா, அது பலகையின் குற்றம். பலகைக்கு நாட்டுப்பற்று போதவில்லை" என்றார்.

மறுநாள் ஆணை வந்தது. பொன்னிறைநாடு பின்தங்கியிருக்கும்போதெல்லாம் ஸ்கோர் பலகை பட்டுத்திரையால் மரியாதையாக மூடப்படும். முன்னேறியதும் திரை விலக்கப்படும். மூடுவதற்கு ஒரு சேவகன் போதும். விலக்குவதற்கு மூன்று அதிகாரிகளின் கையெழுத்து வேண்டும். பட்டுக்கான செலவு திரை வரி என்ற பெயரில் தலைக்கு இரண்டு காசாக வசூலிக்கப்படும்.

திரை விழுந்தது. ஆட்டம் மட்டும் அப்படியேதான் இருந்தது. எனவே இரண்டாவது ஆணை: ஆட்டத்தின் நடுவே புள்ளிகளை எழுதுவதும் வாய்விட்டுச் சொல்வதும் வதந்தி. சொன்ன எண் ஒன்றுக்கு ஒரு நாள் சிறை. அணியின் ஸ்கோர் நோட்டைக் காவலர்கள் பறித்துக்கொண்டு போனார்கள். எதிரணிகள் வெளிநாட்டார் என்பதால் அவர்கள் நோட்டைத் தொட முடியவில்லை. ஆக, பொன்னிறைநாட்டு மைதானத்தில் பொன்னிறைநாட்டுக்காரருக்குத் தெரியாத ஒரே விஷயம், பொன்னிறைநாடு எத்தனை என்பதுதான்.

மக்கள் சோர்ந்து உட்கார்ந்திருப்பது மன்னர் கண்ணை உறுத்தியது. கைதட்ட நானூறு பேரைக் கூலிக்கு அமர்த்தினார்கள். பந்து கூடையில் விழுந்தாலும் தட்டுவார்கள், சாக்கடையில் விழுந்தாலும் தட்டுவார்கள். நாள் கூலி ஆயிற்றே, நடுவில் நிறுத்தினால் பிடித்தம்.

அப்புறம் அணியில் ஓர் இடம், நாட்டுப்பற்று மிக்கவருக்கென்று, 'பற்றாளர் இடம்' ஆயிற்று. அதில் அமைச்சரின் மைத்துனர் மகள் வந்து நின்றாள். நல்ல பெண், பாவம், பந்தைக் கண்டால் பயம். ஆட்டத்தைப் படம் வரைய அரண்மனை அனுப்பியிருந்த ஓவியர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கூடைக்குக் கீழே நிற்கும்படி வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மற்ற நால்வரும் ஐவரை எதிர்த்து ஆடினார்கள்.

இப்படியும் ஒன்பது ஆட்டத்தில் மூன்றை ஜெயித்தார்கள். எப்படி ஜெயித்தார்கள் என்று செண்பகவடிவுக்கே புரியவில்லை. பேச்சிக்கு இரண்டு முழங்காலிலும் தோல் இல்லை. மிச்சம் ஒரு ஆட்டம், மேல்மலை நாட்டோடு, சொந்த மைதானத்தில்.

அன்று காலையில் கடைசி ஆணை வந்தது. பயிற்சியாளர் அணியோடு உட்காரக் கூடாது. மன்னரின் மேடைக்குக் கீழே உட்கார்ந்து ஆட்டத்தை அவருக்கு விளக்க வேண்டும்.

செண்பகவடிவு மனதுக்குள்ளேயே எண்ணிக்கொண்டு உட்கார்ந்தாள். நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது. ஐம்பது, ஐம்பத்தொன்று. ஒரு புள்ளிதான் குறைகிறது. கைதட்டு ஓயாத மழையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. கடைசி நிமிஷத்தில் மன்னர் மேடையிலிருந்து குனிந்தார்.

"அம்மா, எதற்கு அந்தப் பந்தைத் தரையில் தட்டித் தட்டிக் கொண்டுபோகிறார்கள்? கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினால் என்ன?"

"அது விதி, மன்னா."

"யாருடைய ஆட்சியில் போட்ட விதி?"

அவள் மேடைப் பக்கம் திரும்பி அதற்கும் ஒரு பதிலைச் சொன்ன மூன்று நொடியில் பேச்சி ஒரு பந்தைப் போட்டாள். கூடையில் அது விழுந்ததைச் செண்பகவடிவு பார்க்கவில்லை. கூலிக் கைதட்டு முன்பும் அதே அளவு, பின்பும் அதே அளவு. பலகையைப் பார்த்தாள். பட்டு மூடியிருந்தது. மூடியிருந்தால் பின்தங்கியிருக்கிறோம் என்றுதானே சட்டம்.

உண்மையில் ஐம்பத்திரண்டுக்கு ஐம்பத்தொன்று. பொன்னிறைநாடு முன்னால் இருந்தது. திரையை விலக்கும் காகிதத்தில் முதல் கையெழுத்து விழுந்தாயிற்று. இரண்டாவது கையெழுத்துப் போட வேண்டியவர் காபி குடிக்கப் போயிருந்தார்.

பன்னிரண்டு நொடி பாக்கி. பந்து மேல்மலைக்காரியின் கையில். பின்தங்கிய அணி கடிகாரத்தை நிறுத்த ஒரே வழி ஃபவுல்தான். பதினேழு வருஷப் பழக்கம் தொண்டையில் வந்து நின்றது.

"பேச்சி! ஃபவுல் பண்ணு! பிடிச்சு நிறுத்து!"

பேச்சி ஒரு நொடி தயங்கினாள். அவளும் பட்டைப் பார்த்தாள். பிறகு பாய்ந்து பிடித்தாள். விசில். மேல்மலைக்காரிக்கு யாரும் மறிக்காத இரண்டு ஃப்ரீ த்ரோ, விழுந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. இரண்டும் உள்ளே. ஐம்பத்திரண்டுக்கு ஐம்பத்துமூன்று. மிச்ச நொடிகளில் எந்தக் கூடையும் விழவில்லை.

காபி குடித்தவர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டார். மூன்றாமவரும் போட்டார். ஆட்டம் முடிந்து கால் மணி கழித்து, காகிதத்தில் எழுதியபடி, திரை விலகியது. பலகையைப் படித்தபோதுதான் செண்பகவடிவுக்குத் தான் செய்தது என்ன என்று தெரிந்தது.

பேச்சி ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு வெளியே போனாள். திட்டியிருந்தால் தேவலை.

மதகு இருபத்தொரு நாள் திறந்தது. இருபத்திரண்டாம் நாள் காலை, ஏழு மணிக்கெல்லாம், மதகுக்காரர் அதை மூடிவிட்டுச் சாப்பிடப் போனார். கடைசி ஊரில் கதிர்கள் நிமிர்ந்தே நின்றன. உள்ளே மணி இருந்தால்தானே தலை குனியும்? பேச்சியின் அப்பா ஒரு கதிரை உருவிக் கையில் கசக்கி ஊதினார். கையில் எதுவும் மிஞ்சவில்லை. திரை வரி வசூலிக்க வந்தவர் வரப்பில் நின்று அதைப் பார்த்துவிட்டு, "ரெண்டு காசுதானே, குடுத்துடும்" என்றார்.

ஒரு மாதம் கழித்து மகிழ்ச்சித்துறை செண்பகவடிவைக் கூப்பிட்டனுப்பியது. மேசையில் அழகாக அச்சடித்த ஓர் அறிக்கை. தலைப்பு: 'கடந்த பருவம், ஒரு வெற்றிப் பார்வை, வரும் பருவம், மேலும் வெற்றி.'

அம்பலத்தரசர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். "நமது அணி பத்து ஆட்டங்களிலும் கலந்துகொண்டு நூற்றுக்கு நூறு வருகை புரிந்தது. மூன்றில் வெற்றி. ஏழில் வெற்றியை அயல்நாடுகளுடன் பெருந்தன்மையோடு பகிர்ந்துகொண்டது. பயிற்சியாளர் அவர்களே, இந்த இடத்தில் ஒரு கையெழுத்து."

"ஏழும் தோல்வி ஐயா."

"அந்தச் சொல் இப்போது அகராதியில் இல்லை அம்மா. மூன்றாம் பதிப்பில் எடுத்தாயிற்று."

செண்பகவடிவு பேனாவை எடுத்தாள். திறக்கவில்லை. "போடுறேன். பதிலுக்கு எனக்கு ஒண்ணு வேணும். பட்டை எடுத்துடுங்க."

அமைச்சரின் முகம் மலர்ந்தது. பேரம் என்றால் அவருக்கு உயிர். "முழுவதும் முடியாது. கையெழுத்தை மூன்றிலிருந்து இரண்டாக்குகிறேன்."

"வேண்டாம். பலகை திறந்திருக்கணும்."

"சரி, உங்களுக்காக ஒன்று செய்கிறேன். பலகையில் பாதியைத் திறந்துவிடலாம். நமது புள்ளி மட்டும் தெரியட்டும். அடுத்தவர் புள்ளி நமக்கு எதற்கு? பிறர் விவகாரத்தை எட்டிப் பார்ப்பது பண்பாடா?"

"ஐயா, எம்புட்டு வித்தியாசம்னு தெரியாம எப்படி ஆடுறது? அன்னைக்கு நான் என் பிள்ளையை ஃபவுல் பண்ணச் சொன்னேன். ஜெயிச்சுக்கிட்டிருந்த பிள்ளையை. உங்க பட்டை நம்பிச் சொன்னேன். ஒரு ஊரே பதராப் போச்சு."

"பட்டின் மேல் பழி போடாதீர்கள். பட்டு மாபெரும் வெற்றி. உங்களுக்குத் தெரியுமா?" அமைச்சர் இழுப்பறையிலிருந்து ஒரு கட்டுக் காகிதங்களை எடுத்தார். "எல்லாத் துறையும் கேட்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் காய்ச்சல் கணக்கு எழுதும் பலகைக்கு நாற்பது முழம். நெற்களஞ்சியத்தின் இருப்புப் பலகைக்கு அறுபது. வேலை கேட்டுப் பதிந்தவர் பட்டியலுக்குச் சுவர் முழுக்க. மாசியில் நாட்டுச்சபைத் தேர்தல் வருகிறதே, வாக்கு எண்ணும் கூடத்துக்கு மட்டும் ஏழாயிரம் முழம். மொத்தமாக எடுப்பதால் முழம் தொண்ணூறுக்குப் பேசி முடித்திருக்கிறேன்."

செண்பகவடிவு அந்தக் காகிதக் கட்டை அவர் பக்கமே தள்ளினாள். பேனாவை மூடியது மூடியபடி மேசையில் வைத்தாள்.

"எனக்குக் கட்டுப்படியாகாது ஐயா" என்று எழுந்தாள்.

அன்று மாலையே அவளை வேலையிலிருந்து எடுத்தார்கள். அவள் இடத்துக்கு அமைச்சரின் மைத்துனரே வந்தார். கூடைப்பந்தில் எத்தனை கூடை என்று முதல் நாள் அவர் கேட்டதாகப் பெண்கள் சொல்லிக்கொண்டார்கள்.

புதுப் பருவத்தின் முதல் ஆட்டமும் மேல்மலையோடுதான். செண்பகவடிவு இரண்டு காசு சீட்டு வாங்கிக்கொண்டு கேலரியின் மேல்படியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் வாய்க்கால் கடைசி ஊர்க்காரர்கள். பேச்சியின் அப்பாவும் இருந்தார். அவர் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார். மேடையில் மன்னர். பலகையில் பட்டு, ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே மூடிவிட்டார்கள், எப்படியும் மூடத்தானே போகிறோம் என்று.

மேல்மலை முதல் கூடையைப் போட்டது. கூலிக்காரர்கள் தட்டினார்கள். பேச்சி திரும்ப ஓடி வந்து ஒன்று போட்டாள். அதற்கும் தட்டினார்கள். போட்டுவிட்டுத் திரும்பிய பேச்சி, பழக்கத்தில் பயிற்சியாளர் இருக்கைப் பக்கம் பார்த்தாள். அங்கே மைத்துனர் ஓவியருக்கு முகம் காட்டிக்கொண்டிருந்தார்.

செண்பகவடிவு எழுந்து நின்றாள். பதினேழு வருஷம் அந்த மைதானத்தின் நான்கு மூலைக்கும் கேட்ட தொண்டை அது.

"ரெண்டுக்கு ரெண்டு!"

கைதட்டு நின்றது. கூலிக்காரர்கள் பிடித்தத்தைக்கூட மறந்தார்கள். இரண்டு காவலர்கள் படியேறி வந்தார்கள்.

"எந்திரிங்கம்மா. ரெண்டு எண் சொல்லியிருக்கீங்க. ரெண்டு நாள்."

கீழே மேல்மலை மறுபடி ஒரு கூடையைப் போட்டது. காவலன் அவள் கையைப் பிடித்தான். பேச்சியின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"ரெண்டுக்கு நாலு" என்றார். சத்தமாகக்கூட இல்லை, வயலில் களை எடுக்கிறவன் பக்கத்து ஆளிடம் சொல்கிற மாதிரி.

"யோவ், உட்காரும்!"

"என்னத்துக்கு உட்காரணும்? போன வருஷம் பூரா உட்கார்ந்துதான இருந்தோம்?"

பேச்சி தூரத்திலிருந்தே ஒன்றை வீசினாள். கோட்டுக்கு வெளியேயிருந்து போட்டால் மூன்று.

"அஞ்சுக்கு நாலு!" இந்த முறை ஒரு படி முழுக்க எழுந்து கத்தியது. அடுத்த கூடைக்கு நான்கு படிகள். அதற்கடுத்ததற்கு எதிர்ப்பக்கக் கேலரியும். தங்கள் பக்கம் விழுந்ததை மட்டுமல்ல, மேல்மலைக்கு விழுந்ததையும் விடாமல் எண்ணினார்கள். கோபத்தில் எண்ணினார்கள். ஒவ்வொரு எண்ணும் கல்லாக வந்து மேடையில் விழுந்தது.

அம்பலத்தரசர் எழுந்து நின்றார். "எண்ணியவர்கள் யார்? பெயர்களைக் குறியுங்கள்!"

காவலர் தலைவர் கேலரியைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் காதில் சொன்னார்: "ஐயா, சிறையில் இடம் முந்நூறு. இங்கே நாலாயிரம் பேர்."

"எப்படித் தெரியும் நாலாயிரம் என்று?"

"எண்ணினேன் ஐயா" என்றார் காவலர் தலைவர். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கீழே பற்றாளர் இடத்துப் பெண் முதல் தடவையாக ஓவியருக்கு முதுகைக் காட்டி, பந்துக்குக் கை நீட்டினாள். பேச்சி அவளைப் பார்த்தாள், யோசித்தாள், கொடுத்தாள். அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு போட்டாள். விழுந்தது. நாலாயிரம் பேர் அதையும் சேர்த்துக் கூட்டினார்கள்.

செண்பகவடிவின் கையை விட்டுவிட்டு இரண்டு காவலர்களும் படியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் உதடு அசைந்துகொண்டிருந்தது. மேடையில் மன்னர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தார். பலகையின் மேல் பட்டு அப்படியே பளபளத்தது; அதை இப்போது யாரும் பார்க்கவில்லை.

பொன்னிறைநாடு நாற்பத்தாறு. மேல்மலை நாற்பத்தொன்பது. பாக்கி மூன்று. நேரம் இன்னும் நாலு நிமிஷம்.