மாப்பிள்ளை நிரப்பிய பீப்பாய்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை ரெஜிஸ் அவர்களுக்கு, ஜூரா மலைச்சரிவிலிருந்து உங்கள் மாமனார் மார்செல்லின் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் மாமியார் உகெத், கோழிகள், என் முட்டியில் வைத்த ஆணி எல்லோரும் சௌக்கியம். அங்கே பர்கண்டியில் நீங்களும் என் மகள் ஒதீலும் உங்கள் பெற்றோரும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைப் பலமுறை எழுதிக் கிழித்துவிட்டேன். "கிழிச்ச வரைக்கும் போதும், இப்ப எழுதுங்க" என்று உங்கள் மாமியார் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

முதலில் என் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊரில் காற்றுப் பட்டால் வைன் கெட்டுவிடும் என்று வாரா வாரம் பீப்பாயை விளிம்பு வரை நிரப்புவார்கள். எங்கள் மஞ்சள் வைனுக்கோ ஆறு ஆண்டுகள் ஒருவரும் கிட்டே போகக் கூடாது. அது தானாக வற்றும், வற்றிய இடத்தில் பாலில் படிவதுபோல் உயிருள்ள ஓர் ஏடு படியும், அந்த ஏடுதான் வைனைக் காப்பாற்றி அக்ரூட் மணத்தையும் கொடுக்கும். பூச்சி விழுந்து ஊர்த் திராட்சைக்கொடியெல்லாம் பட்டுப்போன காலத்தில் என் தாத்தா அல்சீத் இந்தச் சரிவை வாங்கினார், முதுகு ஒடியப் புதுக்கொடி நட்டார், பீப்பாய்களை அடைத்தார், பிறகு சீட்டாடப் போனார். என் அப்பா அடைத்துவிட்டு மீன் பிடித்தார். நான் தூங்குகிறேன். கொடியில் எவ்வளவு உழைத்தாலும், நிலவறையில் சும்மா இருந்தே பெயர் வாங்கிய குடும்பம் இது.

இப்படிப்பட்ட வீட்டுக்கு, அரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தெரியாத நீங்கள் இந்த வசந்தத்தில் குடிவந்தீர்கள். கதவுக் கீலுக்கு எண்ணெய் போட்டீர்கள், கோழிக்கூண்டுக்குக் கூரை போட்டீர்கள், நான் முட்டியை அறுத்துக்கொள்ள ஆஸ்பத்திரிக்குப் போனேன். திரும்பி வந்து ஊன்றுகோலோடு நிலவறைக்குள் இறங்கினால், உங்கள் கல்யாண ஆண்டில் நான் அடைத்த பீப்பாய், வருகிற குளிர்காலத்தில் உங்கள் இருவருக்காகவும் திறக்கவிருந்த பீப்பாய், தளும்பத் தளும்ப நிற்கிறது. பக்கத்தில் புனலும் கையுமாக நீங்கள். "மூணுல ஒரு பங்கு காலியா கெடந்துச்சு மாமா. பாவம், முட்டி வலியில ஒங்களால பாக்க முடியலன்னு நானே ரொப்பிட்டேன். நல்ல வைனாத்தான் ஊத்துனேன்" என்றீர்கள். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். ஏடு மூழ்கிச் செத்துப்போயிருந்தது.

இந்த வைனை நிரப்பக் கூடாது என்று ஒதீல் சொல்லியிருப்பாள் என நான் இருந்துவிட்டேன், நான் சொல்லியிருப்பேன் என்று அவள் இருந்துவிட்டாள். சும்மா இருப்பதையும் ஒருவருக்குச் சொல்லித்தர வேண்டும் என்று எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தோன்றியதில்லை. அன்றைக்கு இதைச் சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். நான் சொன்னதோ, "ஒங்க கை பட்டது எதுவும் உருப்படாது." ஒதீல் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "என் கையப் புடிச்சவர்தான்ப்பா இவரு. அப்ப நானும் உருப்பட மாட்டேனா?" என்று கேட்டுவிட்டுப் பெட்டியை எடுத்தாள்.

நீங்கள் போனதும் ஊரே துக்கம் விசாரிக்க வந்தது. வந்தவர்களை வெறும் தொண்டையோடு அனுப்ப முடியுமா, செத்த பீப்பாயிலிருந்தே ஊற்றினோம். தபால்காரர் ஒவ்வொரு கோப்பைக்கும் ஒருமுறை கண் கலங்கினார். பாதிரியார் பூசை முடிந்தால் நேரே இங்கேதான். கெட்டுவிட்டதா என்று பார்க்க நானும் சாயங்காலம் தோறும் ஒரு குவளை எடுக்கிறேன். "மகளப் போக விட்டுட்டு மரப்பீப்பாய்க்கு அழுவுறீங்களே" என்கிறாள் உங்கள் மாமியார். சீஸ் வெட்டினால் பழக்கத்தில் நாலு துண்டாக வெட்டிவிடுகிறாள், பிறகு இருவரும் அந்தத் துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இவ்வளவு மழையிலும் கோழிக்கூண்டு ஒழுகவில்லை மாப்பிள்ளை. அந்தக் கூரையைப் பார்க்கும்போதெல்லாம் நான் சொன்னது நினைவுக்கு வருகிறது.

அறுவடை நெருங்கிவிட்டது. இருவரும் வாருங்கள். பீப்பாய் போனது போகட்டும், மிச்சத்தைக் காடியாக்கிக் கீரையில் ஊற்றிக்கொள்கிறோம். நான் உங்களை முழு மனதாக மன்னித்துவிட்டேன். உங்கள் கொடிகளில் ஆலங்கட்டி விழாதிருக்கட்டும், உங்கள் முட்டிகள் என் வயதிலும் மடங்கட்டும். சம்பந்தி இருவருக்கும் என் வணக்கம், ஒதீலுக்கு முத்தம், அவள் வாங்கிக்கொண்டால்.

இப்படிக்கு,
மார்செல்லின்

பி.கு.: கடிதத்தை வாங்க வந்த தபால்காரருக்கு ஒரு கோப்பை எடுக்க இறங்கினேன். ஊர் குடித்த குடியில் பீப்பாய் பழையபடி மூன்றில் ஒரு பங்கு இறங்கியிருக்கிறது. விளக்கைக் கிட்டே பிடித்துப் பார்த்தேன். ஏடு திரும்பப் படிந்திருக்கிறது, மெல்லிசாக, ஓரம் வரைக்கும். ஆகவே மேலே எழுதிய மன்னிப்பை அடித்துவிடுங்கள், உங்களிடம் மன்னிக்க ஒன்றும் இல்லை. நான் பேசிய பேச்சுதான் மிச்சம். அது சும்மா விட்டால் சரியாகிற சரக்கு அல்ல. நீங்கள்தான் என்னை மன்னிக்க வேண்டும். பீப்பாய் மறுபடி முதலிலிருந்து ஆறு ஆண்டு காத்திருக்க வேண்டும், அதுவரை நீங்கள் இருவரும் இங்கேயே இருக்க வேண்டும். புனலை உங்கள் மாமியார் ஒளித்து வைத்துவிட்டாள்.