பால்காய்ப்பு கேசட்

டெல்வின் பார்ட்டிக்கு நான்கு பேரைத்தான் கூப்பிட்டிருந்தான். பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குள் எத்தனை பேர் என்று அவனுக்கே பிடிபடவில்லை. பாதிப் பேரின் பெயர்கூடத் தெரியாது.

வீடு புதியது. மஸ்கட்டில் இருக்கும் அப்பா ஞானதாசன் அனுப்பிய பணத்தில் புதுக்கடையில் கட்டியது. அவர் லீவில் வந்த பிறகுதான் பால்காய்ப்பு, அதற்கப்புறம்தான் குடியிருப்பு என்று அம்மா விக்டோரியா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். வருஷங்கள் போயின, லீவு கிடைத்தபாடில்லை. தாயும் மகனும் பின்னாலிருந்த ஓட்டு வீட்டில், ஒழுகிய இடங்களில் பாத்திரம் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

அப்பாவோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் ரசலையன் மாமா ஊருக்கு வந்திருந்தார். மறுநாள் காலை திரும்புகிறார். வீட்டைப் படம்பிடித்து அப்பாவுக்கு அனுப்பத் தன் வீடியோ கேமராவைக் கொடுத்திருந்தார். ஆரல்வாய்மொழியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போன அம்மா, படம் பிடிப்பதற்கென்றே சாவியை விட்டுப்போனாள். பிளஸ் டூ பரீட்சை முடிந்த பையனிடம் கேமராவும் சாவியும் சேர்ந்து மாட்டினால் என்ன ஆகுமோ, அது ஆயிற்று.

கேமரா கூட்டாளி ஸ்டெனியின் கையில் இருந்தது. எவன் ஆடினாலும் பிடித்தான். எவன் வாந்தியெடுத்தாலும் கிட்டே போய்ப் பிடித்தான்.

பாட்டுச் சத்தம் வெளியே கேட்கிறதே என்று டெல்வின் ஜன்னல்களைச் சாத்தினான். உள்ளே புழுங்கியது, எல்லாரும் முற்றத்துக்கு வந்து ஆடினார்கள். இருட்டில் யாரும் விழுந்துவைக்கக் கூடாதென்று கிறிஸ்துமஸ் சீரியல் விளக்கை எடுத்து முகப்பில் மாட்டினான். விளக்கைப் பார்த்ததும் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

அடுத்த வீட்டுக் கிரேசி அத்தை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டைத் திறந்தாள். "ஏலே டெல்வினு, பால்காய்ப்புக்கு எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

இல்லை என்றால் அடுத்த நிமிஷம் அம்மாவுக்குப் போன் போகும். "திடீர்னு வச்சது அத்தே, அம்மாக்கு பஸ் கெடைக்கல்ல" என்றான்.

அவ்வளவுதான். சுவர்க்கடிகாரங்களைப் பரிசாகத் தூக்கிக்கொண்டு ஊர் வந்தது. சர்ச் உபதேசியாரும் வந்தார். பீர் குடித்தவர்கள் குளியலறையில் போய் அடைந்துகொண்டார்கள். பால் எங்கே என்று கேள்வி வந்தது. கிரேசியே வீட்டுக்கு ஓடிப் பால் கொண்டுவந்தாள், மூன்று செங்கலைக் கூட்டி அடுப்பு மூட்டினாள். சாப்பாட்டை எதிர்பார்த்தவர்களுக்குப் பார்ட்டி மிக்சரும் கலரும் கிடைத்தன.

பால் பொங்கியது. தூரதேசத்தில் பாடுபடும் குடும்பத் தலைவனுக்காக உபதேசியார் கண்ணை மூடி ஜெபித்தார். அப்பா நிற்கவேண்டிய இடத்தில் தான் நிற்கிறோம் என்று டெல்வினுக்கு அப்போதுதான் உறைத்தது. அடுப்பை விட்டு ஓரடி தள்ளி நின்றான். ஸ்டெனி அதையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

காலையில் முதல் வேலையாகக் கேசட்டை அழித்துவிடலாம் என்று டெல்வின் கேமராவைக் கையில் எடுத்தான். எந்தப் பொத்தான் என்று தேடுவதற்குள் ரசலையனின் வேன் வாசலில் நின்றது. "வீடு முழுசும் உண்டும்லா?" என்றபடி அவர் கேமராவை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். உண்டு மாமா என்று தலையாட்டுவதைத் தவிர அவனுக்கு வேறு வழியில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அம்மாவிடம் கிரேசி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அம்மா அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலாம் என்று டெல்வினுக்கு இருந்தது. புது வீட்டைக் கழுவிப் பூட்டினாள். ஓட்டு வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அந்த வீட்டுல நான் வந்துதான் பால் காய்ச்சுவேன்னு உங்கப்பா சொல்லீட்டு இருந்தாவ. அந்த ஒரு ஆசதான் அவியளுக்கு. இனி எதுக்குடே வருவாவ?"

வெள்ளிக்கிழமைதோறும் வரும் போன் அந்த வாரம் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அம்மா சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்தாள். டெல்வின் அவள் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டான்.

கடைசியில் மணி அடித்தது. பேசியது ரசலையன்.

"அப்பா கேசட்டு பாத்தாவளா மாமா?" டெல்வின் அம்மாவுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு கேட்டான்.

"பாத்தான், பாத்தான். லீவு வருஷா வருஷம் கிடைச்சுதுலே மக்கா, பால்காய்ப்புக்கு ஊரக் கூட்டிச் சோறு போட வகையில்லாமத்தான் உங்கப்பன் இங்க ஒளிஞ்சு கெடந்தான். இப்பம் அதுதான் முடிஞ்சுதே, டிக்கெட் எடுக்கப் போயிருக்கான்."