கன்னத்துக்கும் கட்டைக்கும் நடுவில்

காகிதம் நுழையவில்லை.

வெய்னோ காங்காஸ் துப்பாக்கியைச் சமையலறை மேசையில் கிடத்தி, புதிதாகப் பூட்டிய, குறிபார்க்கும் ஸ்கோப்பின் அகன்ற முன்வாய்க்கும் குழலுக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டை விட்டுப் பார்த்தார். மடங்கியது. திருப்பி விட்டார். கசங்கியது. ஸ்கோப் குழலின்மேல் சோம்பேறிப் பூனை மாதிரி அப்பிக்கொண்டு படுத்திருந்தது.

"முட்டுது, லெம்பி. சுட்டா அதிர்ச்சியில குறி எங்கயோ போயிடும்."

அவர் மனைவி லெம்பி, இறைச்சி அடைத்த பாஸ்டிக்கு மாவு மடித்துக்கொண்டே தன் புதுக் கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "அப்ப அதைத் தாங்கற வளையத்தைக் கொஞ்சம் உயரமா வாங்கியிருக்கலாமே?"

"தாழ்வா இருந்தாத்தான் நல்லது. கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில அழுத்தினா, கண்ணு தானா ஸ்கோப்புக்கு நேரா வந்து நிக்கணும். தேடக் கூடாது."

"நிக்குதா?"

"அதுக்குள்ளதான் குழல்ல முட்டுதே!"

சனிக்கிழமை மான் வேட்டை தொடங்குகிறது. ஏரிக்கரையின் அந்தச் சிற்றூரில் அன்றைக்குப் பள்ளிக்கூடம்கூடத் திறக்காது. வெய்னோவுக்குப் பனி தள்ளும் லாரிகளைப் பழுது பார்க்கும் வேலை. அவர் கைக்கு மசியாத திருகாணி அந்த வட்டாரத்தில் கிடையாது. ஆனால் போன வருடம் நல்ல வெளிச்சத்தில், பக்கத்தில் நின்ற மானைத் தவறவிட்டார். அதைப் பார்த்துவிட்டவன் லெம்பியின் தம்பி ஏரோ. அவன் பார்த்தால் ஊரே பார்த்த மாதிரி.

அதனால்தான் கடையில் இருந்ததிலேயே பெரிய ஸ்கோப்பாக வாங்கினார். பெரிய ஸ்கோப்புக்குப் பெரிய வாய் இருக்கும் என்பதைத்தான் யோசிக்கவில்லை.

வேட்டைச் சாமான் கடையில் டெர்வோ அம்மாள் மூன்று சோடி வளையங்களை எடுத்து வைத்தாள். "தாழ்வு உங்ககிட்ட இருக்கு. நடு உயரம் எடுத்துக்கங்க. குழல்ல படாம, ஆனா குழலை ஒட்டினாப்பல நிக்கும். அவ்வளவுதான் வேணும்."

ஒரு தடவை முட்டிய கோபம் வெய்னோவுக்கு ஆறவில்லை. "இருக்கறதுலயே உசரமானதைக் குடுங்க."

"ஏணி வச்சுத்தான் பாக்கணும், பரவாயில்லையா?"

"குடுங்கம்மா."

மறுநாள் சரளைக்கல் பள்ளத்தில் குறி அட்டையை நிறுத்திவிட்டுப் படுத்தார். காகிதம் என்ன, இப்போது குழலுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே கட்டைவிரலே போய் வந்தது. ஆனால் கன்னத்தைக் கட்டையில் வைத்தால் ஸ்கோப்பில் பாதி கறுப்பு. முழு வட்டம் தெரிய வேண்டுமென்றால் தலையைத் தூக்க வேண்டியிருந்தது. கன்னம் அந்தரத்தில் நிற்க, தாடை மட்டும் கட்டையைத் தொட்டது. அப்படியும் தெளிவில்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் போனால் தெரியுமோ என்று கழுத்தை நீட்டிச் சுட்டார்.

துப்பாக்கி பின்னால் உதைத்தது. ஸ்கோப்பின் விளிம்பு, மூக்குக்கண்ணாடிக்கு மேலே புருவத்தில் அழகாக ஒரு பிறை வரைந்தது.

அன்று சாப்பிட வந்த ஏரோ அந்தப் பிறையை நின்று ரசித்தான். "என்ன மச்சான், மானைச் சுடச் சொன்னா உங்களையே சுட்டுக்கிட்டு வந்திருக்கீங்க?"

"வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடு மாப்ளே."

ஏரோ பாஸ்டியை ஒரு கடி கடித்தான். முகம் கோணியது. "அக்கா, இதுல எவ்வளவு உப்பு போட்ட?"

"கரண்டியில அளவு பாத்துத்தான்டா போட்டேன். உன் நாக்குக்கு என்ன கேடு?" என்று லெம்பி சீறிவிட்டு, பாதி பின்னிய கம்பளித் தொப்பியைத் தம்பியின் மடியில் போட்டாள். "உனக்குத்தான். நெத்தியில மான் வச்சிருக்கேன்."

ஏரோ தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பன்னிக்கு எப்பக்கா கொம்பு முளைச்சுது?"

வெய்னோவின் காதில் இதெல்லாம் விழவில்லை. அவர் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டே யோசித்தார். ஸ்கோப்பை இறக்க முடியாது. கன்னத்தை ஏற்றினால்?

நீராவிக் குளியலறையான சௌனாவின் மரப்பலகையில் லெம்பி போட்டு உட்காரும் மெத்தை நல்ல தடிமன். அதை வெட்டி, கட்டையின் மேல்விளிம்பில் வைத்து, நாடாவால் சுற்றினார். கன்னத்தை வைத்தார். அப்பா! இதமாகத்தான் இருந்தது. அடுத்த குண்டு ஏற்றும் போல்ட்டைப் பின்னால் இழுத்தார். பாதி வழியில் மெத்தையில் முட்டி நின்றது.

"ஏங்க, முதல் குண்டுக்கு அப்புறம் என்ன பண்ணுவீங்க?" என்று லெம்பி நிஜமான அக்கறையோடு கேட்டாள்.

"மெத்தையைக் கழட்டிட்டு, போல்ட்டை இழுத்துட்டு, திரும்பக் கட்டிட்டு..."

"மான்கிட்ட சொல்லி வைங்க."

கத்தியால் மெத்தையில் ஒரு பள்ளம் வெட்டினார். போல்ட் ஓடியது. ஆனால் பள்ளம் வெட்டிய இடத்தில்தான் கன்னம் உட்கார வேண்டியிருந்தது. கன்னம் பள்ளத்துக்குள் இறங்கியது. பழைய உயரமே வந்துவிட்டது. வந்ததும் இல்லாமல், சன்னலுக்கு வெளியே நின்ற ஒற்றைப் பிர்ச் மரம் ஸ்கோப்பில் இரண்டாகத் தெரிந்தது.

இது என்ன விசித்திரம் என்று வெய்னோவுக்கு விளங்கவில்லை. தலையை ஏற்றினால் ஒரு மாதிரி மங்கல், இறக்கினால் வேறு மாதிரி மங்கல். உயரத்தில்தான் எங்கேயோ சூட்சுமம் இருக்கிறது. மயிரிழை அளவு. அதைக் கண்டுபிடிக்காமல் விடக் கூடாது. மெல்லிய தகடுகளை வெட்டி வளையத்துக்கு அடியில் கொடுத்தார். எடுத்தார். மறுபடி கொடுத்தார். திருகாணியின் தலை தேய்ந்ததுதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை மதியம் துப்பாக்கியோடு டெர்வோ அம்மாளிடமே சரணடைந்தார். வேட்டைக்கு ஆரஞ்சுச் சட்டை வாங்க வந்திருந்த ஏரோவும் வேடிக்கை பார்க்க நின்றுகொண்டான்.

டெர்வோ அம்மாள் ஒன்றும் சொல்லிக் காட்டவில்லை. மெத்தையைப் பிய்த்துப் போட்டாள். நடு உயர வளையத்தைப் பூட்டினாள். காகிதம் வெண்ணெயாக நுழைந்தது. போல்ட் தடையில்லாமல் ஓடியது.

"இப்ப கண்ணை மூடிக்கிட்டு, வழக்கம்போல கன்னத்தை வைங்க. வச்சாச்சா? கண்ணைத் திறங்க. முழு வட்டம் தெரியுதா?"

வெய்னோ கண்ணைத் திறந்தார். கறுப்பே இல்லாத, முழுசான, அழகான வட்டம். "தெரியுது."

"அவ்வளவுதான். இதுக்கு மேல என்ன வேணும்?"

"வட்டத்துக்குள்ளதான் ஒண்ணும் தெரியல."

ஏரோ துப்பாக்கியை வாங்கிக் கன்னத்தில் வைத்து, எதிர்ச் சாரியிலிருந்த மாதா கோயில் அறிவிப்புப் பலகையைப் பார்த்தான். "செவ்வாய்க்கிழமை மீன் விருந்தாம். பெரியவங்களுக்கு மட்டும் காப்பி. கண்ணாடி மாதிரி இருக்கு மச்சான்!"

வெய்னோ மறுபடி பார்த்தார். பலகையில் எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

அவர் மெதுவாக முக்காலியில் உட்கார்ந்தார். வளையம் சரி. கட்டை சரி. ஸ்கோப் சரி. ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சியது அவர்தான். எந்த லாரியையும் இப்படித்தான் சோதிப்பார். பழுதான பாகத்தைக் கண்டுபிடித்தால் தூக்கி வெளியே வைத்துவிடுவார்.

"மாப்ளே, இதை நீயே வச்சுக்க. ஸ்கோப்போட."

"என்ன மச்சான், விளையாடறீங்களா?"

"கண்ணு தெரியாம சுட்டு, பாவம் மான் காலொடிஞ்சு சதுப்புக்குள்ள போய்க் கிடந்தா என்னால தாங்க முடியாது. போன வருசமே விட்டிருக்கணும். நாளைக்கு நான் கூடாரத்துல காப்பி போட்டுத் தரேன்."

வாயாடி ஏரோ துப்பாக்கியைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு நின்றான். "நான் சும்மா கிண்டலுக்குத்தானே சொன்னேன்... நீங்க இல்லாம அந்தக் காட்டுல நான் மட்டும் என்ன பண்றது?" என்றான். டெர்வோ அம்மாள் கல்லாவுக்குப் பின்னால் திரும்பி நின்று, இல்லாத தூசியைத் துடைத்தாள்.

கடையின் கதவு மணி அடித்தது. கண் மருத்துவரிடம் வேலை பார்க்கும் கைசா என்ற பெண், காலணியில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டே உள்ளே வந்தாள். வெய்னோவைப் பார்த்ததும் அவள் முகம் சிவந்துவிட்டது.

"அய்யோ காங்காஸ் சார், உங்க வீட்ல போனை யாருமே எடுக்க மாட்டீங்களா? ஒரே மாதிரி சட்டமா இருந்ததால உறை மாத்திப் போட்டுட்டேன், இத்தனை நாளா நீங்க லெம்பி அக்கா கண்ணாடியையும் அக்கா உங்க கண்ணாடியையும் போட்டுக்கிட்டு இருக்கீங்க!"