கனம் கூடுதுங்க

"கனம் கூடுதுங்க," என்றார் தபால் மேடம்.

மருந்துக்கடைக்காரருக்கு முகம் தொங்கிப்போனது. போன முறையும் இதையேதான் சொன்னார். அதற்கு முந்தின முறையும் இதேதான்.

"ஒரு கடிதமும் ஒரு இறகும்தாங்க மேடம். இறகு போய்க் கனக்குமா?"

"இறகு கனக்காது. எல்லாம் சேர்ந்து கனக்குது."

தபால் மேடம் தராசைப் பார்த்தபடியே சொன்னார். தராசின் முகம் அவர் பக்கம் இருந்தது. மருந்துக்கடைக்காரருக்குத் தெரிந்தது அதன் முதுகும், யாரோ அதில் ஒட்டிவிட்டுப் போயிருந்த ஆப்பிள் ஸ்டிக்கரும்தான்.

"இன்னும் ரெண்டு ஸ்டாம்ப் ஒட்டிடட்டுமா?"

"ஒட்டலாம். அப்ப அது கடிதம் இல்ல, பார்சல். பார்சல்னா வழியில பிரிச்சுப் பார்ப்பாங்க. உங்களுக்குப் பரவாயில்லைன்னா சரி."

எப்படிப் பரவாயில்லை என்று விடுவது? கடிதத்தில் தன் அல்சரிலிருந்து அக்காவின் கோபம் வரை ஒன்றுவிடாமல் எழுதியிருந்தார். இறகை வெளியே எடுத்தார்.

"இங்கேயே கொடுங்க, பத்திரமா இருக்கும்," என்று தபால் மேடம் கை நீட்டினார். "இது என்ன பறவைங்க?"

"மீன்கொத்திங்க. மழை விட்டதும் எங்க கடை போர்டு மேல வந்து உக்காந்துச்சு. போகும்போது விட்டுட்டுப் போச்சு."

"அப்படியா? போர்டுல மீனா வரைஞ்சிருக்கு?"

"மாத்திரைதாங்க வரைஞ்சிருக்கு. அதுக்கு எப்படித் தெரியும்."

தபால் மேடம் சிரித்தார். வரிசையில் பின்னால் நின்றவர் இருமினார். நம் ஆள் பழக்கதோஷத்தில் அவருக்கு இருமல் மருந்து ஒன்றைச் சிபாரிசு செய்துவிட்டு நகர்ந்தார். இருமியவரின் கவரை எடுத்துக்கொண்டு தபால் மேடம் எழுந்து பக்கத்து கவுன்டருக்குப் போய் நிறுத்துக்கொண்டு வந்தார். வெளிநாட்டுக் கடிதத்துக்குத் தனித் தராசு போலிருக்கிறது, அதுதான் இத்தனை கறார் என்று மருந்துக்கடைக்காரர் நினைத்துக்கொண்டார். மாத்திரையைப் பார்த்தே கம்பெனி பெயரைச் சொல்லிவிடும் மனிதர். மற்றபடி இப்படித்தான்.

கடிதம் போவது ஒரு தீவுக்கு. அங்கே பயணிகள் படகு ஓட்டி ஓய்வு பெற்ற கிழவர் ஒருவர் இருக்கிறார். ஒரு பத்திரிகையின் பேனா நண்பர் பகுதியில் ஆரம்பித்த சிநேகம், இருவரும் பார்த்துக்கொள்ளாமலே பாதி ஆயுசைத் தாண்டி வந்திருந்தது. அவர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. உறையை உதறினால் ஏதாவது விழ வேண்டும். அது கடையில் வாங்கியதாக இருக்கக் கூடாது. தீவுக்காரர் தன் சீருடையின் கடைசிப் பொத்தானை அனுப்பினார். பாதி போட்ட குறுக்கெழுத்துப் போட்டியை அனுப்பி மீதியைப் போடச் சொன்னார். மருந்துக்கடைக்காரர் மாத்திரை அட்டைப் பெட்டிக்குள் வரும் தாளை மடித்துப் படகு செய்து அனுப்புவார். டாக்டர் கிறுக்கிய ஏதாவது ஒரு வரியை வெட்டி, 'இது என்னவென்று கண்டுபிடி' என்று அனுப்புவார்.

அப்படி ஒரு கிறுக்கலும் தபால் மேடத்தின் மேஜை இழுப்பறையில்தான் இருந்தது.

"இருமல் மருந்தா?" என்று அன்றைக்கு அவர் கேட்டிருந்தார்.

"இல்லைங்க. டாக்டர் அவர் வீட்டுக்கு வாங்க வேண்டிய துணி சோப்பு."

அன்று இருவரும் சிரித்த சிரிப்பில் வரிசையில் ஒருவர் வேறு கவுன்டருக்கே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்த தம்பியை அக்கா ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னிக்கும் திருப்பிட்டாங்களா?"

"ராட்சசிக்கா அந்தம்மா. ஒரு இறகுக்குக்கூட இரக்கம் கிடையாது."

"அப்புறம் எதுக்குடா தபாலாபீஸ் போற அன்னிக்கு மட்டும் சட்டைக்கு இஸ்திரி போடற?"

"அரசாங்க ஆபீஸ்கா. ஒரு மரியாதை வேணாமா."

அக்கா வாயைத் திறந்தாள். பிறகு, சொல்லி என்ன ஆகப்போகிறது என்று மூடிக்கொண்டாள்.

மருந்துக்கடைக்காரர் சும்மா இருக்கவில்லை. கடையில் இருந்த சின்னத் தராசில் உறையை நிறுத்துப் பார்த்தார். கனம் அளவுக்கு உள்ளேதான் காட்டியது. அரசாங்கத் தராசு பொய் சொல்லாது, ஆகவே தன் தராசுதான் பொய் என்று முடிவு கட்டி, மெக்கானிக்கைக் கூப்பிட்டார். அவர் ஏதோ ஒரு திருகைத் திருகினார். சரியாக இருந்த தராசு அன்றிலிருந்து ஒரே டப்பாவுக்குக் காலையில் ஒரு எடையும் மாலையில் ஒரு எடையும் காட்ட ஆரம்பித்தது.

அடுத்து, வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசான தாள் வாங்கினார். இறகு ஏன் வரவில்லை, இழுப்பறையில் ஏன் கிடக்கிறது என்று அதன் இரண்டு பக்கமும் விளக்கமாக எழுதினார். மை ஊறிப் போனது. 'உன் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே நேரத்தில் பேசுகின்றன, எனக்கு ஒரு வரியும் புரியவில்லை' என்று தீவுக்காரர் பதில் போட்டார்.

சரி, மை ஊறாத தாளிலேயே எழுத்தைச் சின்னதாக்கிக்கொள்ளலாம் என்று எறும்பு சைஸில் எழுதினார். தீவுக்காரர் பூதக்கண்ணாடி இரவல் வாங்கியும் முதல் வரிக்கு மேல் படிக்க முடியவில்லை.

அதற்கும் பிறகு, 'எடை காரணமாக எடுக்கப்பட்டது' என்று தனியே ஒரு துண்டுச்சீட்டு எழுதி, மடித்து உறைக்குள் வைத்துக்கொண்டு போனார். மாத்திரைத் தாள் படகை வெளியே எடுத்த பிறகும் தபால் மேடம் தலையை ஆட்டினார்.

"இன்னும் உள்ள என்னமோ சின்னதா இருக்கு போல. அதுதான் இழுக்குது."

துண்டுச்சீட்டும் மடித்தது மடித்தபடி இழுப்பறைக்குப் போனது.

"வேற தபாலாபீஸே கிடையாதா ஊர்ல?" என்றாள் அக்கா.

நியாயமான கேள்வி. மறுநாளே பஸ் நிறுத்தம் வரைக்கும் போனார். பஸ் வந்தது. ஏறாமல் திரும்பி வந்துவிட்டார்.

"ஏன்டா?"

"அங்க இருக்கறவங்களுக்கு வெளிநாட்டுக் கடிதத்தோட நுணுக்கமெல்லாம் தெரியாதுக்கா."

அந்த வாரம் தீவிலிருந்து கடிதம் வந்தது. உதறினார். எதுவும் விழவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் முறையாக எதுவும் விழவில்லை.

'நண்பா, இத்துடன் இறகு, இத்துடன் படகு என்று எழுதுகிறாய். நான் உதறுகிறேன், கம்பளத்தைத் தூக்கிப் பார்க்கிறேன், ஒன்றும் இல்லை. கிழவனைக் கேலி செய்பவன் இல்லை நீ. உனக்கு அலுத்துவிட்டது, சொல்லக் கூச்சப்படுகிறாய், அவ்வளவுதான். உன் அடுத்த உறையிலும் எதுவும் விழாவிட்டால் நானும் நிறுத்திக்கொள்கிறேன். கோபம் இல்லை.'

அவர் கல்லாவுக்குப் பின்னால் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். சொட்டு மருந்து வாங்க வந்த அம்மாள், "உங்களுக்கும் கண் நோவா?" என்று தள்ளி நின்றார்.

கடைசிக் கடிதத்தோடு புறப்பட்டபோது அவர் சட்டைக்கு இஸ்திரி போடவில்லை. அக்காவுக்கு அதைப் பார்த்ததும் பகீரென்றது.

உறையில் பாதித் தாள் மட்டும் இருந்தது, கூடவே தன் சட்டையிலிருந்து அறுத்த ஒரு பொத்தான்.

"கனம் கூ..." என்று ஆரம்பித்த தபால் மேடம், அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். "என்னங்க ஆச்சு?"

"இது போகலைன்னா இனிமே நான் இங்க வர வேலையே இருக்காதுங்க மேடம். எழுத ஆள் இருக்க மாட்டாரு." எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"உள்ள என்ன வச்சிருக்கீங்கன்னு கடிதத்திலயே எழுதிடுவீங்களா?" தபால் மேடத்தின் குரல் இறங்கியிருந்தது.

"எழுதாமயா?"

"அவரு அதைத் தேடுவாரா?"

"கம்பளத்துக்கு அடியில எல்லாம் தேடியிருக்காருங்க."

தபால் மேடம் முகம் வெளிறிப்போய் இழுப்பறையைத் திறந்தார். அத்தனையும் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காகித உறைக்குள், மேலே அழகான கையெழுத்தில் குறிப்போடு இருந்தது. 'மீன்கொத்தி. மழை விட்ட அன்று, கடை போர்டு மேல்.' 'டாக்டர் வீட்டுத் துணி சோப்பு.'

பெரிய உறை ஒன்றை எடுத்து எல்லாவற்றையும் உள்ளே போட்டார். கடைசியில், பார்சலுக்கு முத்திரை வைக்கும்போது சிந்திக் காய்ந்த சிவப்பு அரக்குத் துண்டு ஒன்றை எடுத்தார். "இது என் பங்கு. கடையில வாங்கினது இல்ல," என்று அதையும் போட்டார்.

குண்டு உறை தராசில் ஏறியது. மருந்துக்கடைக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"சரியா இருக்குங்க. போகும்."

"போகுமா?"

"போகும். தாமதத்துக்குக் காரணம் நான்தான்னு ஒரு வரி எழுதிடுங்க."

"நீங்க என்னங்க பண்ணுவீங்க. தராசு சொன்னதைச் சொன்னீங்க."

தபால் மேடம் குனிந்து முத்திரை குத்தினார். குத்திய இடத்திலேயே மறுபடி மறுபடி குத்திக்கொண்டிருந்தார். இலாகாவின் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாரே, எவ்வளவு பெரிய மனசு என்று நெகிழ்ந்தபடி நம் ஆள் வீடு திரும்பினார்.

பதிலைத் தபால்காரர் கடைக்கே கொண்டுவந்து கொடுத்தார். உதறியதும் நீல நிறச் சோழி ஒன்று விழுந்து கண்ணாடி மேஜையில் உருண்டது.

'காலை முழுக்க விழுந்துகொண்டே இருந்தது, நண்பா. உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டேனே. ஒன்று கேட்க வேண்டும். அந்தச் சிவப்பு அரக்கை வைத்தது யார்? அது உன் வேலை இல்லை.'

மருந்துக்கடைக்காரர் சந்தோஷத்தில் தபால்காரருக்குத் தொண்டை மிட்டாய் ஒரு பட்டையே எடுத்து நீட்டினார். ஆனால் ஒரு விஷயம் மட்டும் அவரை அரித்துக்கொண்டே இருந்தது.

"ஏங்க, ஒத்தை இறகு வச்சப்பக் கனம் கூடுச்சு. இழுப்பறையில இருந்தது மொத்தத்தையும் அள்ளிப் போட்டோம், அப்பக் கனம் கூடலையே. உங்க தராசு கணக்கு எனக்குப் புரியவே மாட்டேங்குது."

தபால்காரர் மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினார்.

"எது, மேடம் முன்னாடி இருக்கறதா? அது கெட்டுப்போய் ரெண்டு வருஷமாச்சுங்களே. எல்லாக் கவரையும் பக்கத்து கவுன்டர்லதானே நிறுக்கறோம்."