வேப்பங்கட்டையில் ஒரு பெயர்

கமலக்கண்ணனுக்கு ஆரணியில் பட்டுச்சேலைக்கு பார்டர் வரைகிற வேலை. கம்ப்யூட்டரில் மாங்காயும் மயிலும் வரைந்துகொண்டே எங்கேயோ போய்விடுவார். திரும்பி வர நேரமாகும்.

கொல்லையில் வேப்பமரத்தின் அடிக்கட்டை ஒன்று கிடந்தது. அதைத் தோண்டி எடுத்தால் தையல் மெஷினுக்கு ஷெட் போடலாம் என்று மனைவி மதிவதனிக்கு ஆசை. "மழை நிக்கட்டும்" என்பார். நின்றால், "மண்ணு இறுகிடுச்சே" என்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தப்பிக்க வழியில்லை. கடப்பாரையோடு போனவர் அப்படியே நின்றுவிட்டார். கட்டையின் பக்கத்தில் விசிறி மாதிரி ஒரு காளான். அரக்கு நிற உடல், வெண்ணெய் நிற பார்டர்.

"மதி! இது புது இனம்! என் பேரை வெப்பாங்க. கட்டையைத் தொடவே கூடாது."

"யாருங்க வெப்பாங்க?"

"காளான் ஆராய்ச்சிக்காரங்க. மைக்ராஸ்கோப்புல அதோட தூளைப் பாப்பாங்க, டிஎன்ஏ பாப்பாங்க. ரெண்டு காளான் பாக்க ஒரே மாதிரி இருக்கும், சொந்தமே இருக்காது. ஒரே காளானுக்கு ஆளுக்கொரு பேர் வெச்சிருப்பாங்க. எது பழைய பேரோ அதான் நிக்கும்."

"அடேங்கப்பா, இன்னாமா படிச்சிகினு இருக்கீங்க!"

மதிவதனி சண்டை போடவில்லை. அப்போதே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மதிவதனியே கலையரசி என்ற பேராசிரியையின் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினாள். காளானில் ஒரு துண்டு காய்ந்து கூரியரில் போனது.

"ஏங்க, கட்டையோட வேரும் வேணுமாம். வேர் பாத்தாத்தான் பேராம். மெஷின் படக்கூடாதாம், கையாலதான் தோண்டணுமாம்."

தூறலில் தோண்டினார். குத்துக்குக் குத்து ஈரமண் வாசனை எழுந்தது. மேகத்தில் அவர் பெயர் லத்தீன் வாலோடு, 'கமலக்கண்ணனி' என்று ஜரிகையாக ஓடியது. எங்கோ பனி பெய்யும் ஊரில் ஒரு வெள்ளைக்காரி காளான் பெட்டியைத் திறந்து அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள். கை கொப்பளித்தது தெரியவில்லை. கட்டை சாய்ந்தபோதும் அவர் பனியில்தான் நின்றிருந்தார்.

சில வாரம் கழித்துக் கலையரசி போன் செய்தார்.

"சார், இது ரொம்பப் பழைய காளான். ஒரு பேர் வெச்சாங்க, அப்புறம் வேற கூட்டத்துல சேத்து மாத்தினாங்க, டிஎன்ஏ பாத்துட்டு மறுபடி மாத்திட்டாங்க. காளான் பேருக்குப் பின்னாடி எழுதுவாங்களே, முதல்ல பேர் வெச்சவர் பேரு, அதுவே இப்ப பிராக்கெட்டுக்குள்ள போயிடுச்சு."

"மேடம், அப்ப அந்த வேரு?"

"எந்த வேரு சார்? காளான்ல ஒரு துண்டு போதும்னுதானே உங்க வீட்டம்மாகிட்ட சொன்னேன்?"

கொல்லையிலிருந்து மதிவதனி கூப்பிட்டாள். "ஏங்க, ஜல்தி வாங்க! ஷெட்டுக்கு அளவெடுக்கணும், டேப்போட அந்த முனையைப் புடிங்க."

போய்ப் பிடித்தார்.