ஐஸ்காரம்மாவின் அடுப்பில்லாத நூடுல்ஸ்

இந்தக் கடலோரம் முழுக்கத் தேடினாலும் மீனையும் அடுப்பையும் ஒரேயடியாகத் தள்ளிவைத்த மனுஷி எங்கள் ஐஸ்காரம்மா ஒருவர்தான். சந்தேகம் இருப்பவர்கள் பழவேற்காடு லைட்ஹவுஸ் குப்பத்துக்கு வந்து யாரை வேண்டுமானாலும் விசாரிக்கலாம், பூனைகள் உட்பட.

படகுகளுக்கு ஐஸ் உடைத்துக் கொடுப்பது அவர் தொழில். கடைக்குப் பின்னாலேயே வீடு. "ஐஸ் கீற எடத்துல நெருப்பு எதுக்கு? ரெண்டுக்கும் ஆவாது" என்பது அவர் சித்தாந்தம். மீனை ஏன் விட்டீர்கள் என்று கேட்டால், "நாள் பூரா அதுங்க மூஞ்சியதான் பாத்துக்கினு கீறேன். துன்னும்போதும் வந்து மொறைக்கணுமா?" என்பார்.

போனில் பார்த்துக் கற்றுக்கொண்ட நூடுல்ஸ்தான் அவருக்கு முக்கால்வாசி ஆகாரம். வெள்ளரிக்காயை நீள நீளமாக இழை போலச் சீவுவார். ஊறவைத்த வேர்க்கடலை, தேங்காய், இஞ்சி, பச்சைமிளகாய் அரைத்து, எலுமிச்சை பிழிந்து பிசைவார். டீ குடிக்கிற நேரத்தில் வேலை முடிந்தது. ஒரே குறை, இழைகள் விறைத்துக்கொண்டு நிற்கும், துடைப்பக்குச்சி மாதிரி கன்னத்தில் குத்தும். அதை வாய்விட்டுச் சொன்னவருக்கு மறுநாள் ஐஸ் கிடையாது.

அவர் மகள் கலாவைப் பெண் பார்க்கத் திருப்பாலைவனத்திலிருந்து வருவதாக இருந்தார்கள். நெல் விவசாயக் குடும்பம். பையனும் கலாவும் ஏற்கெனவே மனசு ஒத்துப்போனவர்கள், பெரியவர்கள் தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி. எங்கள் பக்கத்தில் சம்பந்தி வீட்டார் முதல்முறை வந்தால் இலையில் மீன் விழ வேண்டும். விழாவிட்டால் பெண் கொடுக்க இஷ்டமில்லை என்று அர்த்தம்.

"யம்மா, இன்னிக்கு ஒரு நாளு மட்டும் மீன் ஆக்கும்மா. அவங்க எழுந்து போய்ட்டாங்கனா நான் இன்னா பண்ணுவேன்?" என்று அன்று விடிந்ததுமே கலா கெஞ்சினாள்.

"என் வூட்டுக்கு வர்றவங்க நான் துன்றததான் துன்னணும்" என்று சொல்லிவிட்டார் ஐஸ்காரம்மா.

இங்கே என் அம்மா வருகிறார். அவர் கருவாடு போடுகிறவர். வலைமேல் காய்வது யார் வீட்டு மீனாக இருந்தாலும், அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒருமுறை புரட்டிவிட்டு, உப்பு குறைந்திருந்தால் போட்டுவிட்டுப் போவது எங்கள் வழக்கம். அன்று காலை ஐஸ்காரம்மா, சீவிய இழைகளை நீர் வடிவதற்காக வாசலில் ஒரு பழைய வலைத்துண்டின் மேல் பரப்பிவிட்டு ஐஸ் உடைக்கப் போனார். அம்மா கண்ணாடி போடாமல் வந்தார். வெள்ளையாகப் பளபளத்தது நெத்திலி என்றே முடிவு செய்தார். "பாவம், உப்பு போட மறந்துட்டா" என்று இரண்டு கை கல்லுப்பைத் தூவி, நன்றாகப் புரட்டிவிட்டு, உபகாரம் செய்த திருப்தியோடு வீடு திரும்பினார்.

சம்பந்தி வீட்டார் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதுதான் விஷயம் தெரிந்தது. இழைகள் துவண்டு கிடந்தன. கலா அழவே ஆரம்பித்துவிட்டாள். ஐஸ்காரம்மா அசரவில்லை. எல்லாவற்றையும் அள்ளி ஐஸ் தண்ணீரில் அலசி, பிழிந்து, விழுதைப் போட்டுப் பிசைந்து இலையில் வைத்தார்.

"இன்னாம்மா இது, பழவேற்காடு வந்தும் மீனு இல்லியா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. குரல் சரியில்லை.

மாப்பிள்ளையின் அம்மா ஒரு வாய் எடுத்தார். உப்பில் ஊறிய இழைகள் வளைந்து சுருண்டு, அசல் நூடுல்ஸாகவே வழுக்கிக்கொண்டு போயின. இன்னொரு வாய் எடுத்தார். பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"அடுப்பு எங்க?"

"அடுப்பே இல்லீங்க" என்றார் ஐஸ்காரம்மா.

"அப்ப இத செய்ய அனல்ல நிக்கவே வேணாமா?"

"வேணாம்."

கல்யாணமான நாளிலிருந்து வயல் ஆட்களுக்கு விறகடுப்பில் பொங்கிப் போட்டவர் அந்த அம்மாள். கணவரை ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு அந்த மனிதர் மீனைப் பற்றி மூச்சுவிடவில்லை.

"உனக்கு இது செய்யத் தெரியுமா?" என்று அந்த அம்மாள் கலாவைக் கேட்டார்.

"தெரியும்."

"யாரு சொல்லிக்குடுத்தாங்க?"

அந்த நூடுல்ஸைக் கண்டாலே தெருக்கோடிக்கு ஓடுகிறவள், தலையை நிமிர்த்தி "எங்கம்மா" என்றாள்.

"அப்ப சீக்கிரமா நாள் பாருங்க" என்றார் அந்த அம்மாள், இன்னொரு தரம் வைக்கச் சொல்லி இலையைக் காட்டியபடி.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஐஸ்காரம்மாவைக் காணோமே என்று கடைப்பக்கம் போனேன். யாருமே கேட்காத ஐஸை மாங்கு மாங்கென்று உடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடா பாக்குற? கண்ல ஐஸ் தெறிச்சிடுச்சு" என்றார்.

"ஆமா அத்தை" என்றேன். எனக்கும் தெறித்திருந்தது.